பனங்காடைக் காலில் ஒரு நூல்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அதில் பாதிப் பொய்யை ஆல்பத்தில் சொல்லுகிறவள் நான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. படம் எடுப்பது, பிளெக்ஸ் கட்டுவது, வண்டி ஓட்டுவது, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது எல்லாம் வீட்டுக்காரர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படத்தைத் துடைப்பது நான். பெண்ணின் கன்னத்துப் பரு, மாப்பிள்ளை சட்டையின் வியர்வை, மேடைக்குக் குறுக்கே போகும் மைக் ஒயர், தாலி கட்டும் நேரத்தில் பின்னால் நின்று கொட்டாவி விடும் மாமா, எல்லாம் என் கையால் காணாமல் போகும். ஒருமுறை ஆல்பம் தயாராவதற்குள் இரண்டு குடும்பத்துக்கும் சண்டை வந்து, பெண்ணின் பெரியப்பாவை எல்லாப் படத்திலிருந்தும் எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தேன். ஒரு படத்தில் மட்டும் அவருடைய கை பெண்ணின் தோள்மேல் தனியாகத் தங்கிவிட்டது. ஆல்பம் போன பிறகுதான் பார்த்தேன். நல்லவேளை, அவர்கள் கண்ணில் படவில்லை.

இதை எதற்குச் சொல்லுகிறேன் என்றால், பதினெட்டு வருஷமாக இதே வேலையைச் செய்யும் கைக்கு மூளையைக் கேட்டுச் செய்யும் பழக்கம் போய்விடும். கோடு தெரிந்தால் அழிக்கும். புள்ளி தெரிந்தால் அழிக்கும். அது என்ன கோடு, என்ன புள்ளி என்று நிற்காது.

கண் எரிச்சலும் தலைவலியும் வந்து டாக்டரிடம் போனபோது, திரையைப் பார்த்தது போதும், காலையில் கொஞ்ச நேரம் தூரத்தைப் பாரும்மா, பச்சையைப் பாரும்மா என்றார். சொட்டு மருந்தோடு சேர்த்து அதையும் எழுதிக் கொடுத்தார். செஞ்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைதான் நிற்கிறது, பச்சைக்கு நான் எங்கே போவேன் என்று வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். சிங்கவரம் போ, மல்லாட்டைக் கொல்லை இல்லாத இடமா என்றார் அவர். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர்.

அப்படித்தான் கடை திறப்பதற்கு முன்னால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சிங்கவரம் ரோட்டுக்குப் போக ஆரம்பித்தேன். சும்மா உட்கார்ந்து பச்சையைப் பார் என்றால் என்னால் பத்து நிமிஷம்கூட முடியவில்லை. வீட்டுக்காரரின் பழைய கேமராவும், கோயில் திருவிழாவுக்கென்று அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய நீள லென்ஸும் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டேன். மாங்குயில், மீன்கொத்தி, வயல் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து தட்டானைப் பிடிக்கும் பஞ்சுருட்டான் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. அதுவரை எனக்குத் தெரிந்த பறவைகள், மஞ்சள் நீராட்டு விழா பிளெக்ஸில் பெண்ணின் தலைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்குமே, அந்தச் சிவப்பும் மஞ்சளுமான பெரிய கிளிகள்தான். அவை எந்த நாட்டுக் கிளி என்று எனக்கும் தெரியாது, பிளெக்ஸ் வைத்தவர்களுக்கும் தெரியாது. நம் ஊர் மின்கம்பியில் இத்தனை நிறம் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்ததை நாற்பத்து நாலு வயதில் பார்த்தேன். அந்த டாக்டர் நன்றாக இருக்க வேண்டும்.

ரோட்டை ஒட்டி ஒரு மல்லாட்டைக் கொல்லை. அதற்குச் சொந்தக்கார அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முதல் நாள் லென்ஸைப் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு வந்து, எந்த ஆபீஸ், ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். குருவி படம் எடுக்கிறேன் என்றேன். நம்பவில்லை. மூன்று நாள் என்னைக் கண்காணித்தார். நான்காம் நாள், வெயிலில் ஏன் நிற்கிறீர்கள், மோட்டார் கொட்டாய்க்குள் உட்காருங்கள் என்றார். அவர் திட்டுவதையும் நான் கேட்டிருக்கிறேன். பக்கத்துக் கொல்லைக்காரரின் மாடு வரப்பைத் தாண்டிய ஒரு காலையில் மாட்டுக்காரருடைய ஏழு தலைமுறையும் எழுந்து உட்கார்ந்திருக்கும். என்னிடம் மட்டும் தணிந்தே பேசினார்.

மோட்டார் கொட்டாயிலிருந்து பார்த்தால் நேர் எதிரே ஒரு மொட்டைப் பனை. தலை போய் உடம்பு மட்டும் நிற்கிற மரம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பொந்து, அதில் ஒரு ஜோடி பனங்காடை. பனங்காடையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். உட்கார்ந்திருந்தால் அதைப் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, கழுத்தும் மார்பும் மங்கிப்போன பழுப்பு. பறக்கச் சிறகை விரித்ததும் ஒரு கருநீலமும் ஒரு வெளிர்நீலமும் பட்டைப் பட்டையாகத் திறக்கும். காஞ்சிபுரம் பட்டுப் புடவையைக் கடைக்காரர் பிரித்து உதறிப் போடுவாரே, அதுபோல. அந்த ஒரு உதறலைப் பிடிப்பதற்கு நான் மார்கழியிலிருந்து பங்குனிவரை உட்கார்ந்தேன்.

பங்குனி பிறந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ கிடைத்தது. மின்கம்பியிலிருந்து கிளம்பிய நொடி. இரண்டு சிறகும் முழுசாக விரிந்து, கண் என் பக்கம் பார்த்தபடி, ஒரு துளி ஆட்டம் இல்லாமல். கொட்டாய்க்குள் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கடைக்கு வந்து வேறு எந்த வேலையையும் தொடாமல் அதைத் திறந்தேன். குறுக்கே போன மூன்று மின்கம்பிகளை எடுத்தேன். மூலையில் தெரிந்த எருக்குப்பையை எடுத்தேன். காலுக்குக் கீழே மெல்லிய கோடு ஒன்று இருந்தது. அதையும் எடுத்தேன். நீலத்தை மட்டும் தொடவில்லை. கலரைக் கொஞ்சம் ஏத்துக்கா என்று எல்லாரும் கேட்பார்கள், இதற்கு ஏற்றவே தேவையில்லை. அந்த விஷயத்தில் எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது, நான் யோக்கியமாக எடிட் பண்ணினேன் என்று.

விழுப்புரம் லேபிலிருந்து இரண்டு பிரிண்ட் வந்தது. ஒன்றை வீட்டுக்காரர் கடையில் கண்ணில் படும் இடமாகப் பார்த்து மாட்டினார். இன்னொன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மோட்டார் கொட்டாய்க்கு என் வாடகை என்று சொல்லிக் கொடுக்கலாம் என்று அக்கா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வளைகாப்பு வளையல் கை நிறைய. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். எல்லாரும் முதலில் சிறகைத்தான் பார்ப்பார்கள். அவர் படத்தின் கீழ்ப்பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். விரலை வைத்துத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நூலு வுழுந்துடுச்சாம்மா?"

எனக்குப் புரியவில்லை. அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். தை மாதம் மல்லாட்டை போட்டதும் காக்காயும் மயிலும் விதையைக் கிளறுகிறதென்று கொல்லையைச் சுற்றிக் குச்சி நட்டு நைலான் நூல் கட்டியிருக்கிறார். பயிர் வளர்ந்த பிறகும் அதை அவிழ்க்க மறந்துவிட்டார். மாசி கடைசியில் ஒருநாள் பூச்சி பிடிக்க இறங்கிய பனங்காடை அதில் மாட்டிக்கொண்டது. இவர் ஓடிப்போய் எட்டுவதற்குள் துடித்து அறுத்துக்கொண்டு பறந்தது, காலில் ஒரு முழ நூலோடு. அன்றைக்கே கொல்லையில் இருந்த நூலையெல்லாம் அறுத்துத் தீ வைத்தாராம். ஆனால் பறவையின் காலில் இருப்பதை என்ன செய்வது. தினமும் காலையில் அது நூலை இழுத்துக்கொண்டு பொந்துக்குப் போவதும் வருவதும் அவர் கண்ணிலேயே பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று நாளாக மட்டும் வெயில் கூச்சத்தில் நூல் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லையாம். வயிற்றுப் பிள்ளைக்காரி வீட்டில் இருக்கும்போது ஓர் எறும்புப் புற்றைக்கூட இடிக்க மாட்டார்கள் எங்கள் பக்கத்தில். கூடு கட்டியிருக்கிற பறவையின் காலை அறுக்கும் நூலைத் தன் கையால் கட்டியிருக்கிறோமே என்று அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மகள் அதைப் பார்த்துவிடக் கூடாதென்று கொல்லைப் பக்கமே வராதே என்று சொல்லி வைத்திருந்தார். மலைமேல் இருக்கிற பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தார், நூல் தானாக விழுந்துவிட்டால் படியேறி வருகிறேன் என்று.

சொல்லி முடித்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்ல சேதியோட வந்தம்மா நீ" என்றார்.

காலுக்குக் கீழே நான் அழித்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கோடு. ஆனால் ஒருத்தி நம் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழும்போது, இருங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காப்பி குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைக்கு வந்து அசல் படத்தைத் திறந்தேன். நூல் இருந்தது. பெரிதாக்கினேன். வலது காலில் இரண்டு சுற்று, சுற்றுக்குக் கீழே விரல்கள் வீங்கி, மீதி நூல் வால் பக்கம் தொங்கி. அழித்தபோது எனக்கு இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. அதற்கு முந்திய படங்களையும் எடுத்துப் பார்த்தேன். மாசி கடைசியிலிருந்து ஒவ்வொன்றிலும் அது இருந்தது. வேண்டாத படம் என்று நான் ஒதுக்கி வைத்த ஒன்றில், பொந்தின் வாயில் நீட்டிக்கொண்டிருந்த சிம்பில் நூல் சிக்கி, பறவை காலை உதறி உதறி விடுவித்துக்கொண்டிருந்தது. என்றைக்காவது ஒருநாள் விடுவிக்க முடியாமல் போகும். அது எனக்கே தெரிந்தது. அத்தனை நாள் லென்ஸ் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதது, மண்வெட்டி பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்ற அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, உடு, தானா அறுந்துடும், அந்தம்மா நிம்மதியா இருக்குறாங்க, நீ போய் ஏன் கெடுக்குற என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். மூன்று நாள் சிங்கவரம் பக்கம் போகவில்லை. கண் எரிகிறது என்று சொன்னேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் போகவில்லை என்றதும் அக்காவே வந்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம், கையில் தூக்கோடு கடைக்குள் ஏறினார். காலையில் மலைக்குப் போய் வேண்டுதலை முடித்துவிட்டு, புளியோதரையும் துளசியும் எனக்கென்று எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார். அத்தனை படியும் ஏறி இறங்கி முட்டி வலிக்கிறது என்று சிரித்தார். இப்போதெல்லாம் காலையில் பனையைப் பார்க்கப் போவதில்லை, ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது என்றார். பிறகு சுவரில் மாட்டியிருந்த என் படத்தைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கை கூப்பினார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். அசல் படத்தையும் அழித்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீதான் அழிச்சியா?"

"ஆமாக்கா."

"எதுக்கு?"

"பாக்க நல்லா இருக்கட்டும்னு. அது நூலுன்னே எனக்குத் தெரியல. கோடுன்னு நெனச்சேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். மாட்டுக்காரருக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். கிடைத்திருந்தால் எனக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். தூக்கு மூடியைத் திருகித் திருகி மூடினார். செய்யாத காரியத்துக்குப் பெருமாளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேனே என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"நீங்க பேனரு கட்டுறவங்கதானே? ஏணி பெருசா வெச்சிருக்கீங்களா?"

இன்றுவரை அந்தக் கேள்விக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். கோபம் வராமல் இருந்திருக்காது. அதைக் காட்டுவதற்கு அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பறவைதான் அவருக்கு முதலில் வேண்டியிருந்தது.

வனத்துறைக்குப் போன் பண்ணினோம். பேசியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பறக்கிற பறவையைத் துரத்திப் பிடித்தால் அதிர்ச்சியிலேயே செத்துவிடும், எங்கேயாவது சிக்கினாலோ விழுந்தாலோ துணியால் மூடிப் பிடியுங்கள், தலையை மூடினால் அடங்கிவிடும், ரொம்ப மோசமாக இருந்தால் கூப்பிடுங்கள் என்றார். அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் குட்டி யானை வண்டியில் ஏணியை ஏற்றிக்கொண்டு போய்ப் பனைக்குக் கீழே போட்டுவிட்டு வந்தார். இரண்டு காதுகுத்து பிளெக்ஸ் அதனால் தள்ளிப்போனது. நிம்மதியைக் கெடுக்காதே என்று சொன்ன மனுஷன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா மறுபடியும் காவல் இருக்க ஆரம்பித்தார். களை எடுத்தாலும் கண் பனைமேல். மூன்றாம் நாள் காலை கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "மாட்டிக்கிச்சிம்மா" என்றார் அக்கா. அப்படியே ஷட்டரை இறக்கிவிட்டு நானும் வீட்டுக்காரரும் ஓடினோம்.

போனபோது ஏணியைத் தனியாகவே தூக்கிப் பனையில் சாய்த்து வைத்திருந்தார் அக்கா. பிடிக்க ஆள் இல்லாமல் கீழே நின்றுகொண்டிருந்தார். மேலே பொந்தின் வாயில் நூல் சிக்கி, பனங்காடை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சிறகு இரண்டும் விரிந்து கிடந்தன. நான் நாலு மாதம் காத்திருந்து எடுத்த நீலம், முழுசாக, அசையாமல் தொங்கியது. அதன் ஜோடி கத்திக்கொண்டே பனையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

வீட்டுக்காரர் மரத்தைத் தட்டிப் பார்த்தார். உள்ளே கோறை, ஒன்றும் இல்லை, நான் ஏறினால் மரமும் நானும் சேர்ந்துதான் இறங்குவோம், நீதான் எடை கம்மி, நீ ஏறு என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் எடையைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. மொட்டை மாடிச் சுவரையே எட்டிப் பார்க்காதவள் நான். புடவையைச் செருகிக்கொண்டு, அக்கா கொடுத்த துண்டைத் தோளில் போட்டு, கத்தரிக்கோலை வாயில் கடித்துக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் ஏணி ஆடியது. கீழே இரண்டு பேரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பறவைமேல் துண்டைப் போட்டபோது அதற்கு உயிர் இருக்கிறதா என்று தெரியவில்லை. கையை வைத்ததும் கட்டைவிரலைக் கடித்தது. அந்தக் கடி எனக்குத் தேனாக இனித்தது. பொந்துக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. குஞ்சுகள். நூலை நறுக்கி, துண்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு, ஒரு கையால் ஏணியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

மோட்டார் கொட்டாய் நிழலில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து பறவையை மடியில் வாங்கிக்கொண்டார். தலையை முந்தானையால் மூடி, கால் மட்டும் வெளியே தெரியும்படி பிடித்தார். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். ஆல்பம் வெட்டுகிற பிளேடு என் பையில் இருந்தது. சாவிக்கொத்தில் தொங்கிய முள்ளுவாங்கியை அக்கா கழற்றிக் கொடுத்தார். நூல் தோலுக்குள் போய், மேலே தோல் வளர்ந்து மூடியிருந்தது. எது நூல், எது செதில் என்றே தெரியவில்லை. பதினெட்டு வருஷமாகக் கன்னத்திலும் நெற்றியிலும் புள்ளி தேடிய கண் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. நுனியைக் கண்டுபிடித்து, முள்ளுவாங்கியால் தூக்கி, பிளேடால் அறுத்து, ஒரு சுற்றை எடுத்தேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. வீட்டுக்காரர் மோட்டார்த் தண்ணீரைக் கையில் பிடித்துவந்து சொட்டுச் சொட்டாக விட்டார். இரண்டாவது சுற்று இன்னும் ஆழம். எனக்கு வியர்வை கண்ணாடியில் வழிந்தது. அக்கா பறவையிடம் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார், இதோ ஆயிடுச்சி, இதோ ஆயிடுச்சி என்று, பிள்ளைக்கு ஊசி போடும்போது சொல்லுவார்களே அதுமாதிரி. கடைசித் துண்டு வெளியே வந்தபோது என் கால் மரத்துப்போயிருந்தது. ஒரு விரல் கறுத்துச் சுருங்கியிருந்தது. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அக்கா முந்தானையை விலக்கிக் கையைத் திறந்தார். அது அழகாகவெல்லாம் பறக்கவில்லை. தாழ்வாகத் தடுமாறிப் போய் வரப்பில் விழுந்தது. எழுந்து வேலிக்கல்லுக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் சிறகைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டுச் செஞ்சிக் கோட்டைப் பக்கம் போய்விட்டது.

அடுத்த நான்கு நாளும் பனையில் ஒரே ஒரு பறவைதான் தெரிந்தது. அது பொந்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது, இரண்டு காலையும் நன்றாக ஊன்றி உட்கார்ந்தது. நம்முடையது அது இல்லை. ஆணா பெண்ணா என்று எனக்கு அடையாளம் தெரியாது. பனங்காடையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். அக்கா மட்டும், சிக்கியது தாய்தான் என்று முடிவு பண்ணிவிட்டார். தினமும் நான் போனதும் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். சரி என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள்கூட அந்தப் பிரிண்டைப் பற்றிக் குத்திக் காட்டவில்லை.

நீங்கள் கேட்பீர்கள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய மகளுக்குச் சித்திரையில் சுகப்பிரசவம், பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சௌக்கியம். பறவை பிழைத்ததால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அக்காவும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது பிரசவத்துக்கு முந்திய ஒரு காலையை.

ஐந்தாம் நாள். மின்கம்பியில் இரண்டு பறவை. ஒன்று ஒரு காலைத் தூக்கி வயிற்றில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவசரத்தில் அமுக்கிய முதல் பத்துப் படமும் வீண். பிறகு அது காலை இறக்கிக் கம்பியைப் பிடித்தது. எடுத்தேன். மின்கம்பி குறுக்கே, வெளிச்சம் பின்னால், சிறகு மூடி, வெறும் பழுப்பாக. ஆல்பத்துக்கு என்றால் தூக்கிப் போட வேண்டிய படம். கேமராவைப் பைக்குள் வைக்கப் போனபோது அக்கா கால்வாயிலிருந்து சேற்றுக் கையோடு வேகமாக வந்தார்.

"ஊட்டுக்கு எடுத்துனு போறதுக்கு முன்ன இங்கயே காட்டு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது. கேமராவின் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் படத்தை வைத்துக் கொடுத்தேன். இன்னும் பெருசாக்கு என்றார். ஆக்கினேன். கால் திரை முழுக்க வந்தது. நூல் இல்லை. நூல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். கறுத்த விரல் விழுந்து, மற்ற விரல்கள் கொஞ்சம் கோணலாகக் கம்பியைப் பற்றியிருந்தன. சேற்று விரலைத் திரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக எண்ணினார். நான் இதுவரை ஆயிரக்கணக்கான பேருக்குப் படம் காட்டியிருக்கிறேன். என் படத்தை இவ்வளவு உண்மையாக ஒருவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். கொல்லைக்கு வராதே என்று சொல்லி வைத்திருந்த மகளை. அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வரப்பில் மெதுவாக வந்தாள். அக்கா கேமராவை அவள் கையில் கொடுக்கச் சொன்னார். அவள் பார்த்துவிட்டு, இதுக்குக் கால் இன்னாச்சி என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருப்பேன், எனக்குப் பழக்கம்தானே. அக்கா முந்திக்கொண்டார்.

"நான் கட்டுன நூலு அறுத்துடுச்சி. உங்கிட்ட மறைச்சி வெச்சிருந்தேன்" என்றார். "இப்ப எடுத்துட்டோம்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு திரையில் இருந்த கோணல் காலைப் பார்த்தாள். நிமிர்ந்து மின்கம்பியைப் பார்த்து, எது, அந்த ரெண்டுல எது என்று கேட்டாள். அக்கா அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்று கையை நீட்டிக் காட்டினார்.